அப்பாவின் ரொட்டி நேர்த்தி

மெல்பர்ன்
மார்ச் 2

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் சண்டைக்காரி மிஷேல் முத்தங்களோடு எழுதுவது. போனில் ஆரம்பித்தால் "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்மஸ் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க நான் எழுந்திருக்கவில்லை என்று முகம் கொடுத்தே பேசவில்லை நீங்கள். நான் விமானம் ஏறியபிறகுதான் எனக்குச் சீலியாக் நோய் என்று அம்மா உங்களிடம் சொன்னார்களாம். கோதுமை உள்ளே போனால் என் உடம்பே என் குடலைத் தாக்குகிறது அப்பா. நற்கருணை அப்பமும் கோதுமைதானே.

இது குடும்பத்தில் வருமாம். உங்களுக்கும் ரத்தம் குறைவு, வயிறு ஊதல், பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. டிடிஜி, மொத்த ஐஜிஏ என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு எடுங்கள். ஐஜிஏ குறைவாக இருந்தால் டிடிஜி முடிவை நம்ப முடியாது.

உங்கள் மிஷேல்

உலு திராம்
ஏப்ரல் 24

என் கண்ணு மிஷேலுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் ரிப்போர்ட் வந்துவிட்டது. டிடிஜி நெகட்டிவ்! ஐஜிஏ சரியான அளவு. இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு.

வயிறு ஊதல்கூடப் போய்விட்டது. எல்லாம் நான் ஆண்டவருக்கு எடுத்த நேர்த்திதான். சொல்லக்கூடாது என்றிருந்தேன், வாய் நிற்கவில்லை. நீ கிளம்பிய அன்றிலிருந்து ரொட்டி சானாய், பிஸ்கட், மீ நூடுல்ஸ் எதையும் நான் தொடவில்லை. என் பிள்ளை தொடமுடியாதது எனக்கும் வேண்டாம். ஞாயிறு நற்கருணை மட்டும்தான். அம்மா தினமும் திட்டுகிறாள், நீயும் ஆரம்பிக்காதே.

அன்பு அப்பா,
பிரெட்ரிக்

மெல்பர்ன்
மே 6

அப்பா,

படித்து அழுதேன். பிறகு "அலமாக்!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்தப் பரிசோதனை நோயைப் பிடிக்கும். நிறுத்தி இத்தனை மாதம் ஆனபிறகு நெகட்டிவ் வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கோதுமையை விட்டதும் வயிறு சரியானதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

டாக்டரிடம் நேர்த்தியைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் சொல்கிற வாரங்கள் கோதுமை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ரத்தம் கொடுங்கள். எனக்காக எடுத்ததை எனக்காகவே விடுங்கள் அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

மிஷேல்

உலு திராம்
ஜூலை 15

மிஷேல் கண்ணு,

ஆண்டவரிடம் கொடுத்த வாக்காயிற்றே என்று ஃபாதரிடம் போனேன். "மகளுக்காக எடுத்தீங்க, மகளே வேணாங்கிறா. போய்ச் சாப்பிடுங்க லா!" என்றார். கடையில் ரொட்டி சானாயை வாங்கி முதல் துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். என்ன ருசி போ! ஒரு வாரத்தில் வயிறு பானையாக ஊதிவிட்டது.

டாக்டர் சொன்ன வாரங்கள் முடிந்ததும் மறுபடி ரத்தம் கொடுத்தேன். பத்துக்குள் இருக்கவேண்டிய டிடிஜி நூறைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் வாய்வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்து உறுதி செய்வார்களாம். அதுவரை ரொட்டியை நிறுத்தக்கூடாதாம். எனக்குப் பயம்தான், உன்னிடம் என்ன மறைப்பு? அதைவிட, இது என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நற்கருணைக்குக் கோதுமைச் சத்து மிகக் குறைந்த அப்பம் வரவழைக்கலாம் என்கிறார் ஃபாதர். நீயும் உன் டாக்டரைக் கேள். ஆகும் என்றால் கிறிஸ்மஸ் பூசையில் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்து போவோம். ஆகாது என்றால் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறேன். யார் என்ன நினைத்தால் என்ன?

டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்.

அப்பா