காய்ச்சலுக்கு வைத்த சொல்

ஜூலை 3

என் அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாலாவது மாடி ஆபீஸுக்குப் படியேறிப் போகாதே என்று எத்தனை தடவை எழுதுவது? லிஃப்டில் மூச்சு முட்டுகிறதாம். முட்டினால் முட்டட்டும், முழங்காலாவது மிஞ்சும்.

நானும் உன் செல்ல வாலுவும் சுகமாக இருக்கிறோம். ஆறு வயது முடிந்தும் அவளுக்கு அந்தப் பெயர்தான் பொருந்துகிறது. இவளுடைய அப்பா லாரியோடு போன இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் பயத்தில் சரக்கு வண்டிகளை வழியில் நிறுத்திவிட்டார்களாம். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையையும் பூட்டியாகிவிட்டது. நாள் முழுக்க வீட்டில் இவளோடு மல்லுக்கட்டுகிறேன்.

போனில் பேசலாமே என்று கேட்காதே. தெருவுக்கு இருக்கிற ஒரே போன் மருந்துக் கடையில் இருக்கிறது. அங்கே நின்று நான் தும்மினால்கூட சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கோடி வீட்டு பெயிண்டருக்கும், மேல்மாடி டீச்சருக்கும். டீச்சர் கொஞ்சம் தேறிவிட்டாள். எதிர்வீட்டு டிரில் மாஸ்டரை உனக்கு ஞாபகம் இருக்குமே. ஓய்வு பெற்றபோது பெட்டிக்குள் போட்ட விசிலை வெளியே எடுத்துவிட்டார். தினமும் காலையில் எங்கள் மாடிப்படியில் நின்று உன் பத்திரிகையின் முதல் பக்கத்தை எல்லோருக்கும் உரக்கப் படிக்கிறார். 'காய்ச்சல் மீது போர்', 'எதிரி நெருங்குகிறான்' என்று அவர் வாசிக்கும்போது எனக்கே நெஞ்சை நிமிர்த்தத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. வாலுதான் படைத்தலைவி. நேற்று சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். "அம்மா, பேசாத. எதிரி வர்றான்" என்றாள். சிரித்தேன்.

வாரம் ஒரு வரியாவது எழுது. ஊருக்கெல்லாம் எழுதுகிறாய், தங்கைக்கு எழுத மட்டும் கை வலிக்கிறதா?

உன்
சின்னவள்

ஜூலை 6

சின்னவளுக்கு,

திட்டித்தான் கடிதம் வாங்குவது என்று இருக்கிறாய். சரி, வாங்கிக்கொள்.

உன் டிரில் மாஸ்டர் படிக்கிற தலைப்பெல்லாம் உன் அக்கா எழுதியது. அதை அவரிடம் சொல்லிவிடாதே, விசில் ஊதி சல்யூட் அடித்தாலும் அடிப்பார். எங்கள் செய்தி ஆசிரியருக்கு ஒரு பழக்கம் உண்டு. பல நாள் ஓடப்போகிற செய்தி என்றால் முதல் நாளே அதற்கு ஒரு வார்த்தைக் குடும்பம் முடிவு செய்துவிட வேண்டும். தேர்தல் என்றால் பந்தயம். விலைவாசி என்றால் மலையேற்றம். அப்புறம் அந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வாசகன் தூரத்திலிருந்து பார்த்தே செய்தியை அடையாளம் கண்டுகொள்வான் என்பார். காய்ச்சலுக்கு என்ன வைப்பது என்று என்னைக் கேட்டார். 'போர்' என்றேன். இரண்டே எழுத்து, எத்தனை பெரிய அச்சிலும் அடங்கும். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எதிரி, படை, முற்றுகை, வீழ்ச்சி என்று வேண்டிய சொல்லெல்லாம் கூடவே வந்துவிட்டது. இருபது வருஷத்தில் இத்தனை சுலபமாகத் தலைப்புகள் எனக்கு ஓடிவந்ததில்லை.

இன்னொன்று. உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே, அதை ஆசிரியரிடம் சொன்னேன். வேறு எந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காத செய்தி. தெருப் பெயரோடு நாளை முதல் பக்கத்தில் வருகிறது. பெயர் வந்தால் நகராட்சி உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும், மருந்து வண்டி வரும். கோபப்படாதே.

வாலுவுக்கு முத்தம். படைத்தலைவிக்கு என் வணக்கம் சொல்.

பெரியவள்

ஜூலை 10

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

எங்கள் தெருப் பெயரைப் போட்டு 'வீழ்ந்தது' என்று எழுதியிருந்தாய். அதையும் டிரில் மாஸ்டர் படியில் நின்று உரக்கப் படித்தார். பிறகு பால்காரர் வரவில்லை. மருந்து வண்டியும் வரவில்லை. அடுத்த தெருக்காரர்கள் அவர்கள் பக்கத்தில் முள்கம்பி கட்டிவிட்டார்கள். வீழ்ந்த தெருவுக்குள் யார் வருவார்கள்?

மாஸ்டர் தெருமுனையில் பள்ளிக்கூட பெஞ்சு இரண்டைக் குறுக்கே போட்டு, ஆள் வைத்து, முறை போட்டுக் காவல் காக்கிறார். முற்றுகை என்று போட்டிருந்தீர்கள் அல்லவா, முற்றுகையில் முதலில் தீருவது தண்ணீர்தான் என்று சொல்லி, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைப் பெரிய டிரம்மில் சேர்த்துப் பூட்டிவைத்திருக்கிறார். வீட்டுக்கு இத்தனை குடம் என்று அவரே அளந்து ஊற்றுகிறார். தப்பாகச் சொல்லக்கூடாது, தனக்குக் கடைசியில்தான் ஊற்றிக்கொள்கிறார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை அக்கா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பெயிண்டர் வீட்டுக் கதவில் யாரோ தாரால் கோடு போட்டுவிட்டார்கள். அவர் காய்ச்சலை முதல் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாராம். இப்போது அவரைத் துரோகி என்கிறார்கள். அவருடைய மனைவி தண்ணீருக்கு வந்தால் எல்லோரும் விலகி நிற்கிறார்கள். காய்ச்சல்தான் எதிரி என்றார்கள். காய்ச்சலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, பெயிண்டரைப் பார்க்க முடிகிறது. அவ்வளவுதான் நடந்தது.

அக்கா, வாலுவுக்கு உடம்பு சுடுகிறது.

முந்தாநாள் சாயங்காலம் ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டேன். அவள் முனகினால் ரேடியோவைக் கூட்டிவைக்கிறேன். நேற்று நீ மருந்துக் கடைக்கு போன் பண்ணினாயே, அப்போது என்னைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். "நல்லா இருக்கோம் அக்கா, வாலு தூங்குறா" என்று சிரித்தபடி சொன்னேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி அவள் கேட்டாள். "அம்மா, எனக்குக் காய்ச்சலா?" இல்லைடி கண்ணு, வெயில் சூடு என்றேன். "அப்ப நான் எதிரி இல்லல்ல?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போனால் பெஞ்சைத் தாண்டவேண்டும். பயமாக இருக்கிறது அக்கா. காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டியவள், படியில் காலடிச் சத்தம் கேட்டால் பயப்படுகிறேன். நீ வைத்த சொல்தானே, நீ மாற்றேன். உன்னால் முடியும். வேறு எதையாவது போடு.

சின்னவள்

ஜூலை 13

என் கண்ணே,

இது கைக்கு வந்த நிமிஷமே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடு. யார் என்ன சொன்னாலும் நிற்காதே. தெருக்குழாய்த் தண்ணீரை அவளுக்குக் கொடுக்காதே. டிரம் தண்ணீரைத் தொடவே தொடாதே. நீயும் குடிக்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் பழைய செய்திகளை எல்லாம் கிளறினேன். இந்தக் காய்ச்சல் தண்ணீரில் வருகிறது, ஆளைத் தொட்டால் வருவதில்லை, கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று அரசு டாக்டர் ஒருவர் முதல் வாரமே சொல்லியிருக்கிறார். இரண்டு வரி. ஏழாம் பக்கம். அங்கே தள்ளியது நான்தான். கொதிக்கிற பானைக்குப் போரில் என்ன வேலை? அந்தக் குடும்பத்துக்குள் அது அடங்கவில்லை, அதனால் அது செய்தியாகவே என் கண்ணில் படவில்லை. இத்தனை வருஷம் சொல்லை நான் பொறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குச் செய்தியைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறது.

வேறு சொல் தேடி நாள் முழுக்க உட்கார்ந்தேன். தீ என்று போட்டால் யார் வைத்தது என்று கேட்பார்கள். வெள்ளம் என்றால் கரை கட்டி, ஊரில் ஒரு பாதியை அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். மழை என்று போடலாமா என்றுகூட யோசித்தேன், நனைந்தவனை யாரும் அடிக்கமாட்டார்கள் அல்லவா. ஆனால் மழை நின்றுவிடும் என்று எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. எல்லாச் சொல்லையும் அடித்துவிட்டேன்.

'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்று எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன். "என்னம்மா இது, சமையல் குறிப்பா?" என்றார். போர் என்றால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றார். என் தங்கை வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரேடியோவைக் கூட்டிவைத்திருக்கிறாள், அதுதான் சார் உங்கள் ஜாக்கிரதை என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதமும் அந்தத் தலைப்பும் ஒரே பத்திரிகை வண்டியில்தான் உங்கள் ஊருக்கு வருகின்றன. எது முதலில் வந்து சேருமோ தெரியவில்லை.

என் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி.

பெரியவள்

ஜூலை 18

சின்னவளே,

பதில் இல்லை. மருந்துக் கடைக்கு போன் பண்ணினேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. திட்டவாவது திட்டி எழுது.

அக்கா

ஜூலை 24

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அன்று விடிந்தபோது அவளுக்குக் கண் செருகிவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கீழ்ப்படியில் மாஸ்டர் பத்திரிகையோடு நின்றார். எப்போதும் போல எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் உன் தண்ணீர்த் தலைப்பைப் படித்தார். ஒரு தடவை உரக்க, அப்புறம் ஒரு தடவை தனக்குள். படித்துவிட்டு டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். "பிள்ளைக்கு என்ன?" என்று ஒரு குரல். கூட்டம் விலகியது. மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். வாலு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நெற்றியில் வைத்து, "மாஸ்டர், நான் எதிரி இல்ல. வெயில் சூடு" என்றாள்.

அவர் முகம் போன போக்கை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். "கொடும்மா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு, பெஞ்சைக் காலால் தள்ளிவிட்டு நடந்தார். ஆஸ்பத்திரி வரை அவர்தான் தூக்கி வந்தார். எழுபது வயசு அவருக்கு. வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "நாந்தாம்மா அளந்து அளந்து ஊத்தினேன்."

திரும்பிப் போய் டிரம்மைத் தன் கையாலேயே கவிழ்த்தாராம். பெயிண்டர் தவறிவிட்டார். இன்னும் மூன்று வீட்டில் துக்கம். மருந்துக் கடைக்காரரும் படுத்துவிட்டார், அதனால்தான் போன் எடுக்க ஆள் இல்லை. பெயிண்டர் வீட்டுக் கதவிலிருந்த தாரை மாஸ்டர் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கிறார். கோடு இன்னும் தெரிகிறது.

உன் இரண்டு கடிதமும் நான் திரும்பி வந்தபோது கதவுக்கடியில் கிடந்தன. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்கப்போவதில்லை. நான் உனக்கு எழுதினேன், நீ ஊருக்கு எழுதினாய். இந்தக் கடிதத்துக்கு உட்காரும்போதுகூட, எந்த வரி முதல் பக்கத்துக்குப் போகுமோ என்று பேனா நின்றது. அந்தத் தண்ணீர்த் தலைப்பும் நீ போட்டதுதான் என்பது எனக்குத் தெரிகிறது. இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடிக்கிறாள், எழுந்து நடக்கிறாள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். நேற்று கதவிடுக்கில் விரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது. அழவில்லை. விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வலிக்குதாடி என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் நம்ம பக்கம்தான்" என்றாள். டாக்டர் தொட்டுப் பார்க்க வந்தாலும் அதையேதான் சொல்கிறாள். எனக்குப் பழைய பயம் போய் இந்தப் பயம் வந்திருக்கிறது. அடுத்த தடவை இவளுக்கு ஏதாவது வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் அடுத்த வாரம் ஓடும் என்கிறார்கள். புறப்பட்டு வா. எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், அதற்கெல்லாம் நாளாகும். இவளுக்குப் பக்கத்தில் உட்கார். தலைப்பு எதுவும் வேண்டாம், உன் முழங்கால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் இவளிடம் சொல். அவள் எதிரில் வாய்விட்டுச் சொல். நீ வைத்த சொல்லை நீயே வந்து எடு.

சின்னவள்