குர்துபாவில் உனக்காக நின்றேன்

என் அருமை ஜுனைத் மச்சான்,

நீ அடங்கிய கபுறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதனால் நாலு பக்கமும் திரும்பி ஸலாம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஊரும் படிக்கட்டும். நீ ஏதோ துறைமுகத்தில் இறங்கி வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறாய் என்று நம் யட்டவத்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில் பேச்சு. பேசுகிறவன் வாயில் மண் விழ!

நான் பார்த்தேன் மச்சான். கப்பல் குசினியில் நீயும் நானும் ஒன்றாகத்தானே சமையல் வேலை செய்தோம். குப்பை வாளியைக் கொட்ட மேல்தளத்துக்குப் போனாய். அலை ஒன்று ஏறி இறங்கியது. வாளி கிடந்தது, நீ இல்லை. கப்பலைத் திருப்பி இருட்டும்வரை தேடினார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். உனக்குக் கேட்டதா?

பிறகு விசாரணைக்காகக் கப்பலை ஸ்பெயினில் காடிஸ் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். "காடிஸ்ல நின்னா ரெயில் புடிச்சி குர்துபா போவோம் மச்சான். அந்தப் பழைய பள்ளிவாசல்ல ரெண்டு ரக்அத்தாவது தொழணும்." மாத்தளைப் பள்ளிவாசலில் அந்த ஊரைப் பற்றிப் பயான் கேட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றவன் நீ. நான் தனியாக ரெயில் ஏறினேன். அப்போதுகூட வேறொரு கப்பல் உன்னைத் தூக்கியிருக்கும் என்றுதான் நம்பினேன். உன் பங்கையும் நானே தொழுதுவிட்டேன் என்று உன்னைக் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நீ பார்க்காத ஊரைச் சொல்கிறேன், கேள். ஆற்றின்மேல் பழைய கல்பாலம். வெள்ளைச் சுவர்ச் சந்துகள், சுவரெல்லாம் பூச்சட்டி. பள்ளி முற்றம் நிறைய ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரம். உள்ளே போனால் தூண், தூண், தூண்! மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். பிற்காலத்தில் ஊரைப் பிடித்த கிறிஸ்தவர்கள் நடுவில் மாதா கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபு மாடத்துக்கு முன்னால் இரும்புக் கம்பி, அதற்குப் பின்னால் குர்ஆன் ஆயத்துகள் தங்கமாய் மினுங்குகின்றன. ஓத ஆளில்லை. சீகிரியாப் பாறையடியில் வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, "கல்லப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று சிரிப்பாயே, அதே மாதிரி நானும் நின்றேன்.

பிறகு ஒரு தூணோரம் கையை உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். ருக்கூவுக்குக் குனிந்ததுதான் தாமதம், காவல்காரன் தோளைப் பிடித்து இழுத்தான். விரலை ஆட்டி ஆட்டிக் கத்தினான். பார்க்கலாமாம், தொழக்கூடாதாம். குனியவே விடமாட்டானாம்.

குனியாமல் எதைத் தொழுவது? யோசித்தபோதுதான் உறைத்தது. குனியும் ருக்கூவும் நெற்றி நிலம் தொடும் சுஜூதும் இல்லாத தொழுகை நமக்கு ஒன்றே ஒன்றுதான். அது இறந்தவருக்காக நின்றபடியே தொழும் ஜனாஸாத் தொழுகை. மையித்து, இறந்தவரின் உடல், கண்முன் இல்லாவிட்டாலும் அதைத் தொழலாம். உயிரோடு இருப்பவனுக்குத்தான் தொழ முடியாது.

தொழுதால் நீ மௌத்தாகிவிட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். தொழாவிட்டால், அந்தச் சீமையில் உன்னை வழியனுப்ப வேறு யார் இருந்தார்கள், சொல்லு? கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோல் கையை உயர்த்தி உயர்த்தி நாலு தக்பீரும் சொன்னேன். தூண்களை வேடிக்கை பார்ப்பதுபோல் வலமும் இடமும் திரும்பி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன். காவல்காரன் இப்போது திருப்தியாகத் தலையாட்டினான், பாவி. நான் வெளியே வந்து ஒரு தோடை மரத்தடியில் விம்மி விம்மி அழுதேன்.

வீட்டுச் செய்தியையும் சொல்கிறேன். உன் பெண்சாதி, என் தங்கச்சி நஸீமா, வெள்ளை உடுக்கவில்லை. புருஷன் மௌத்தானால் கதவடைத்து உட்காரும் இத்தாவும் இருக்கவில்லை. நாள் முழுக்க முன்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நடந்ததை நான் சொன்னபோது, "மையித்தக் கண்டீங்களா நானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப பேசாதீங்க."

போன வெள்ளிக்கிழமை, மகளுக்குச் சோறூட்டிக்கொண்டே அவளாகவே கேட்டாள். "குர்துபாவுக்குப் போனீங்களாமே. அவர் ஆசப்பட்ட ரெண்டு ரக்அத்து தொழுதீங்களா?"

"குனிய விடல்ல தங்கச்சி. நின்னபடியே தொழுதேன்."

"ருக்கூ இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

"சுஜூதும் இல்லாமயா?"

நான் ஆமென்று தலையாட்டினேன். அவளுடைய சோற்றுக் கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

"ஸலாம் குடுத்து முடிச்சிட்டீங்களா நானா?"

"முடிச்சிட்டேன்."

மிச்சச் சோற்றையும் ஊட்டினாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். எழுந்து உள்ளே போகும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "முன்கதவச் சாத்துங்க நானா."

சாத்தினேன் மச்சான். என் கையால்தான் சாத்தினேன்.

உன் தலைமாட்டில் மீசான் கல் நட ஒரு பிடி மண் இல்லை. உன் மகள் வளர்ந்து வாப்பா எங்கே என்று கேட்டால் நான் கடலைக் காட்டமாட்டேன். குர்துபாவில் ஒரு தூணோரம் உன் வாப்பாவை வழியனுப்பினேன் என்று சொல்வேன். இனி நான் கப்பல் ஏறப்போவதில்லை. நஸீமா இத்தா முடிந்து அந்தக் கதவைத் திறக்கும்வரைக்கும், திறந்த பிறகும், வாசலில் நான் இருப்பேன்.

உன் நஸீமாவின் நானா,
உன் மச்சான் ஹனீபா
யட்டவத்த