எதிர்மலையில் நின்று உன்னைத் திட்டினேன்

இன்று காலை கடைக்கு நடந்து வரும்போது, பேருந்து நிலையத்துச் சுவரில் உன் முகம் ஈரமாக இருந்தது. அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கீழே உன் தம்பி, அவன் மனைவி, அவர்கள் பிள்ளை. மேலே கொட்டை எழுத்தில், 'ஆசையே அறியாத அன்புத் தெய்வமே!' எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தை நீ எதற்கு எடுத்தாய் என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? பாஸ்போர்ட்டுக்காக நாம் இருவரும் மேட்டுத் தெரு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தோம். "சிரிக்காதீங்கம்மா, பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது" என்று அந்த ஆள் கெஞ்சினார். "இலங்கைக்குப் போறவங்கள சிரிக்காதன்னா எப்படிப்பா?" என்றாய். உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணால் சிரித்த முகம் அது. கடல் தாண்டுவதற்காக எடுத்த முகத்தை வெட்டி அஞ்சலிச் சுவரொட்டியில் போட்டுவிட்டார்கள்.

அந்த யோசனை நம் பட்டுக்கடையிலேதான் வந்தது. கல்யாணச் சேலை எடுக்க வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், நீ சேலைகளை விரிக்க விரிக்கத் தன் ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "கண்டியில ரயில் ஏறினால், கதவடியில இருந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேயிலை மலையெல்லாம் பார்த்துக்கொண்டு போகலாம், பிள்ளை." அவர் போனபிறகு விரித்த சேலைகள் மலையாகக் கிடக்க, நீ ஒன்றையும் மடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். "நம்ம சம்பளத்துல போவ முடியுமாடி?" என்று கேட்டாய்.

முடியும் என்று கண்டுபிடித்தவளும் நீதான். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்போனில் ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பாய். விமானம் எதற்கு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் யாழ்ப்பாணம். ஹோட்டல் எதற்கு, வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள், அடுப்பும் தருகிறார்கள். இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கையில் இருந்தால் பாதிச் செலவு போய்விடும். ரயிலில் மூன்றாம் வகுப்பு. முகூர்த்தமில்லாத புரட்டாசியில் போனால் கடையிலும் லீவு தருவார்கள். சிகிரியாக் குன்றில் ஏற வெளிநாட்டுக்காரர்களிடம் நிறைய வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும், எதிரில் இருக்கிற பிதுரங்கல மலையைத் தேடிப் பிடித்தாய். "அது மேலயே ஏறிக்கினா அது எப்படித் தெரியும்? எதுர்ல நின்னாதான் தெரியும். டிக்கெட்டும் கம்மி" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படித் தேடித் தேடிப் பிடித்தவளையா ஆசை அறியாதவள் என்கிறார்கள்?

முதல் புரட்டாசியில் தம்பி மகனுக்குப் பரீட்சை, நேரத்துக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். நின்றுவிட்டாய். அடுத்த புரட்டாசியில் உன் தம்பி குடும்பத்தோடு மூணாறு போனான். வீட்டு நாய்க்குச் சோறு வைக்க ஆள் வேண்டுமாம். நாய்க்குச் சோறு வைக்க உன்னை நிறுத்திவிட்டு அவர்கள் மலை பார்க்கப் போனார்கள்! நீயும் சரியென்று தலையாட்டினாய். பஸ் ஸ்டாண்டில் நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா?"

"வுடுடி. தீவு எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருஷம் போலாம்."

தீவு அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த புரட்டாசி வருவதற்குள் ஒருநாள், கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். "கேஸுதான், ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்றாய். சோடா வருவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாய். காலையிலிருந்தே வலித்திருக்கிறது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை நீ. இதற்காகவும் உன்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

கருமாதி அன்று உன் தம்பி எல்லோருக்கும் நடுவில் நின்று, "எங்க அக்காவுக்கு ஆசைன்னு ஒண்ணு கெடையாது. எங்களுக்காவவே வாழ்ந்துச்சு" என்றான். உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"இருந்துச்சுப்பா. ரயில் வாசல்ல உக்காந்துக்கினு மலை பாக்கணும்னு உங்கக்காவுக்கு ஆசை இருந்துச்சு. ரெண்டு தடவையும் நீதான் நிறுத்துன."

"துக்க வீட்டுல சண்டை போடவாக்கா வந்தீங்க?"

"ஆமாம்பா, அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன், தனியாக.

நீ போட்ட வழியிலேயே போனேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கார அம்மா இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றித் தந்தார். நீ சொன்ன இட்லிப் பொடியைப் பிரிக்கத் தேவையே வரவில்லை. பிதுரங்கலவில் கடைசிப் பாறைகளில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தபோது, முன்பின் தெரியாத சிங்களப் பெண் ஒருத்தி சிரித்தபடி கை கொடுத்து இழுத்துவிட்டாள். மேலே நிமிர்ந்தால், எதிரில் சிகிரியா, காட்டுக்கு நடுவில் ஒற்றைக் கல்லாக. நீ சொன்னது சரிதான். "பாருடி" என்று பக்கத்தில் திரும்பினேன். காற்றுதான் இருந்தது. அங்கேயே நின்று வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன், சத்தமாக. கை கொடுத்தவள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினேன்.

கண்டி ரயிலில் கூட்டமோ கூட்டம். வெகு தூரம் நின்றுகொண்டேதான் போனேன். நானுஓயா ஸ்டேஷன் தாண்டி, வாசலில் இருந்த பையன்கள் இறங்கியதும் ஓடிப்போய் உட்கார்ந்தேன். காலைத் தொங்கப் போட்டேன். பச்சை மலை திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைத்தான் தாங்க முடியவில்லை. மூணாறையும் அப்படியே நினைத்துக்கொண்டேன், பல்லைக் கடித்தபடி.

எல்லோரும் என்னிடம், போனவள் மேல் என்ன கோபம், விட்டுவிடு என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. அந்தக் கோபம் எனக்கு உதவுகிறது. போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகன் பேசினான். "அம்மா, புரட்டாசியில ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன். கொழந்தைய பாத்துக்க ஆள் இல்ல."

"முடியாதுப்பா. நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

"எங்க போற?"

"இலங்கை. தெக்குக் கடற்கரை பாக்கி கெடக்குது."

"ஏம்மா கோவமா பேசுற?" என்றான்.

"கோவந்தான்" என்றேன். போனை வைத்த பிறகுதான் டிக்கெட் எடுக்கப் போனேன்.