சுண்ணாம்புக்கு அடியில் போன விதை

அன்பு மகள் மலர்விழிக்கு, உன் அப்பா முனியப்பன் சொல்லச் சொல்ல நஸீரா எழுதுவது. இங்கே நானும் நம் கிணற்றுத் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரோஹித்தும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நஸீரா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெண், மனுவெல்லாம் எழுதித் தருவாள். பக்கத்து வீட்டு ஜெஸ்ஸியிடம் சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவாள், ஆனால் இது அவள் மாமனார் மிக்கேல்ராஜைப் பற்றிய சங்கதி, அதனால்தான் வெயிலில் பஸ் ஏறி இவளிடம் வந்தேன். போனில் சொல்லலாம் என்பாய். போனை எடுத்ததும் நீ கேட்கிற முதல் பேச்சே மிக்கேல் மாமா எப்படி இருக்காங்க என்பதுதான், அதோடு நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து நம் திண்டுக்கல்லைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய வருஷம், நம் சிவலைப் பசு இரட்டைக் கன்று போட்டது, நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாய், அடுத்த வீட்டில் மிக்கேல்ராஜ் பொண்டாட்டி அல்போன்சா வயிற்றில் ஜெரோம் இருந்தான். மசக்கையில் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை, உன் அம்மா வளர்த்த தக்காளி மட்டும் இறங்கியது. சப்பையாக, மடிப்பு மடிப்பாக, பழுத்தாலும் காம்புப் பக்கம் பச்சை மாறாமல் இருக்குமே, அந்தப் புளிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து விதை கேட்டாள். அம்மா விதையைச் சாம்பலில் பிசைந்து அடுப்படிப் பின்சுவரில் கொல்லைப் பக்கமாகத்தான் அப்பி வைப்பாள், வேண்டும்போது சுரண்டிக்கொள்வாள். அன்றும் சுரண்டி வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். என் ஆத்தா ராமுத்தாய் உள்ளேயிருந்து, வெளக்கு வச்ச பெறகு வெதையத் தூக்கிக் குடுக்குறாளே, நம்ம வீட்டு வெளச்சல் பூராம் அந்தப் பக்கம் போகப்போகுது என்று கத்தியது. நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர்கள் செடியில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ அனுப்பச் சொன்ன விதைப் பார்சல் வந்து சேர்ந்தது. எட்டுப் பொட்டலம். நஸீரா பெயர்களை வாசித்துக் காட்டினாள், ஒன்றுக்கு மாட்டு இதயம் என்று பேராம், அதை ரசத்தில் போட எனக்கு மனசு வராது. கருப்பு ஒன்று, பச்சையில் கோடு போட்டது ஒன்று, சுண்டைக்காய் போல மஞ்சள் ஒன்று, எல்லாம் பழைய காலத்து ரகம்தானாம், எந்தக் காலமோ எந்த ஊரோ. மாடியில் பத்துப் பை மண் நிரப்பி வைத்திருக்கிறேன், ஆடி பிறந்துவிட்டது, எதைப் போட்டீங்க என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் விவசாயம் படித்த பெண்கள் நாலு பேர் பழைய ரகம் தேடி மிக்கேல்ராஜ் வீட்டுக்கு வந்தார்கள். படம் பிடித்தார்கள், நறுக்கித் தின்று பார்த்தார்கள், அல்போன்சா தக்காளி என்று பேர் வைத்து எழுதிக்கொண்டார்கள். ஏது இந்த விதை என்று கேட்டதற்கு அவன், எம் பொண்டாட்டி பொறந்த ஊரு அகரத்துலருந்து கொண்டாந்ததுங்க என்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே. வயிறு எரிந்தது மகளே. நஸீரா பொறாமைன்னு எழுதவா தாத்தா என்கிறாள், எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அங்கே என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசினால், அப்ப உங்க செடி எங்க ஐயா என்று கேட்பார்களே.

நம் வீட்டு விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அம்மா நெய்க்காரப்பட்டி போயிருந்தபோது நான் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன், அந்தச் சுவருக்கு இரண்டு கை கூடுதலாகவே அடித்தேன். பளிச்சென்று இருந்தது. விதை ஞாபகமே வரவில்லை. அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு, அல்போன்சாவிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நாம குடுத்ததுக்கு நாமளே போய்க் கையேந்துறதா, போனா இந்தப் படி ஏறாத என்று சொன்னேன். ஏழு வருஷம் கடைத் தக்காளியில் ரசம் வைத்தாள், அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் பூசை முடிந்து வந்ததும் சண்டை போடுவது என்றே போனேன். அகரமாம்லே, அகரம் என்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக, ஏலே முனியா, ஒன் வீட்டுத் தங்கச்சி குடுத்ததுன்னு நாஞ் சொன்னா அடுத்த கேள்விய அந்தப் புள்ளைக ஒன்கிட்டல்ல கேக்கும், நீ என்னத்தச் சொல்லுவ, சுண்ணாம்பக் காட்டுவியா என்றான். சுண்ணாம்பு ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னான். நான் பத்திரிகை கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அம்மா அந்தச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாளாம். இவனும் அல்போன்சாவும் இரண்டு வீட்டு நடுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அல்போன்சா அப்போதே விதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாளாம், அம்மா வாங்கவில்லையாம், அவருக்கு ஆகாது என்றாளாம். அழுதாளா என்று கேட்டேன். முதுகுதான் தெரிஞ்சுச்சு என்றான்.

மாவட்டம் பிரித்த வருஷத்து வெள்ளிக்கிழமை வரை ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு அந்த முதுகு இல்லை மகளே, அவனிடம் இருக்கிறது. காய்த்த காய்க்குக்கூட நான் இம்புட்டுப் பொறாமைப்பட்டதில்லை. விதை கேட்டேன், வாய்விட்டுத்தான் கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பேரன் படம் பார்த்துச் சிரிப்பான் என்று மஞ்சள் ஒரு பையில், அவனிடம் இல்லாதது என்பதால் கருப்பு ஒரு பையில், மிச்சம் எட்டுப் பையும் அம்மாவின் விதைக்கு. அவன் செடியைவிட ஒரு காயாவது கூடக் காய்க்க வேண்டும், அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க நம் குலசாமி துணை இருக்கட்டும். ரோஹித்துக்குத் தமிழில் பேசு. ஒன்று மறக்காதே, இனிப் போன் பண்ணினால் முதலில் அவனையே விசாரி, எனக்கு எரிந்தால் எரியட்டும். ஆத்தா போய்விட்டது, அம்மா போய்விட்டாள், அல்போன்சாவும் போன தவக்காலத்தில் போய்விட்டாள். அம்மாவை அந்தச் சுவரடியில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது மிக்கேல்ராஜ் ஒருவன்தான்.

இப்படிக்கு
உன் அப்பா முனியப்பன், கைநாட்டு