270 போதும், டேரல்

கோல்டர் கிரீக், மொன்டானா
ஆகஸ்டு 14, 1976

அன்புள்ள டேரலுக்கு,

இங்கே நானும் நாயும் மாடுகளும் சௌக்கியம். அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்கிற இடத்தில் கோடையிலும் கம்பளிக் காலுறையோடுதான் தூங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். இரண்டு ஜோடி பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கடையில் அந்த நூல்தான் இருந்தது.

புல்லை அறுத்துக் கட்டியாகிவிட்டது. கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழையவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. பின்பக்க வேலி மட்டும் இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது. நீ வந்து பார்த்துக்கொள்.

என் மூஸ் மான் வேட்டைச் சீட்டுதான் இன்னமும் ஊர்ப்பேச்சு. பதினொரு வருஷமாக நீ குலுக்கலுக்கு எழுதிப் போட்டு ஒரு தடவைகூட விழவில்லை. இந்த வருஷம் உன் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் போட்டாய், எனக்கு விழுந்துவிட்டது. எங்கே போனாலும் இதே கிண்டல்தான். "என்ன வெர்னா, புருஷன் வரிசையில நின்னான், நீ உள்ள போய் உக்காந்துட்டியா?" என்கிறார் தபால்காரர். ஒரு சீட்டு, ஒரு மான், அதையும் நானே சுட வேண்டும். வாழ்நாளில் இன்னொரு தரம் விழுமா, தெரியாது. குளிர்காலம் முழுவதுக்கும் கறி ஆயிற்றே! அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

உன் 338 மேக்னம் துப்பாக்கியை எடுத்துப் போ, மூஸுக்கு அதற்குக் கீழே எதுவும் ஆகாது என்று எழுதியிருந்தாய். எடுத்துப் போனேன். கிளாடிஸ் வீட்டுக்குப் பின்னால் சரளைக் குழி இருக்கிறதே, அங்கேதான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளாயிற்றே, எல்லோரையும் அதட்டித்தான் பேசுவாள். காகிதத் தட்டு ஒன்றைப் பலகையில் ஆணியடித்து மாட்டி, "சுடுடி" என்றாள். மூன்று தோட்டா சுட்டேன். மூன்றும் மலைக்குள் போயின. தட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் தோளைத்தான் நீ பார்க்க வேண்டும், ஹக்கிள்பெரி பழத்தை அப்பிவிட்ட மாதிரி நீலம் பாரித்திருக்கிறது. குறிபார்க்கும் ஸ்கோப் வந்து இடித்துப் புருவம் வேறு கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் என்னைத் தனியாக அழைத்து, டேரல் எப்போது ஊருக்கு வந்தான் என்று கேட்டார். பாவம், நீ மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாய்!

ஆர்விலின் துப்பாக்கிக் கடையில் விசாரித்தேன். அங்கே காபி குடிக்க உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு தோட்டா அளவு சொன்னார்கள். ஒருவர் 338, ஒருவர் 300, ஒருவர் முப்பது-நாட்-சிக்ஸைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். இரண்டு பேர் எழுந்து நின்றே சண்டை போட்டார்கள். மான் உள்ளே வந்திருந்தால்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லோரும் போன பிறகு ஆர்வில் பழைய 270 துப்பாக்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். "சின்ன தோட்டாதான். ஆனா உனக்கு இதப் பாத்து பயம் வராது. பயமில்லாதவ நெஞ்சுல சுடுவா. அதுக்கு மேல மானுக்கு என்ன வேணும்? பத்து நாள் வச்சுப் பாரு" என்றார்.

கிளாடிஸ் ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு தரமும் அவளே தோட்டா போட்டுத் துப்பாக்கியை என்னிடம் தருவாள். நடு நடுவே போடாமலே தருவாள், எனக்குச் சொல்ல மாட்டாள். 338-இன் விசையை அழுத்தினேன். வெறும் 'டிக்' சத்தம். நானோ கண்ணை இறுக்க மூடி, தோளைக் குலுக்கி, குழலை ஒரு சாண் கீழே இறக்கியிருக்கிறேன். தோட்டாவே இல்லாத துப்பாக்கிக்கு! "பாத்தியாடி, அது உன்ன உதைக்கறதுக்கு முன்னாடியே நீ ஓடிப் போய்ட்ட" என்று கிளாடிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். 270-இலும் முதல் மூன்று நாள் அப்படித்தான். நான்காம் நாள் குழல் அசையவில்லை. தட்டின் நடுவில் உள்ளங்கையளவு இடத்தில் ஐந்து ஓட்டை. அந்தத் தட்டை அடுப்படியில் மாட்டியிருக்கிறேன்.

அதனால் 270 போதும், டேரல். சரி என்று ஒரு வரி எழுது.

உன் பதிலைப் பார்த்தபடி,
வெர்னா


கோல்டர் கிரீக்
செப்டம்பர் 9, 1976

அன்பு டேரல்,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலே வரி. "270 வேண்டாம். காயம் பட்டு ஓடிப்போகும். நீ பார்த்ததில்லை. 338-ஐ எடு, இல்லாவிட்டால் போகாதே."

முதலில் கோபம் வந்தது, உண்மைதான். ஐந்து ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! அப்புறம் 'காயம்' என்று நீ எழுதிய இடத்தைப் பார்த்தேன். பேனா அழுந்திக் காகிதமே கிழிந்திருந்தது.

அந்த எல்க் மானைச் சொல்கிறாய், அல்லவா? போன நவம்பரில், நீ சுட்டதும் காயத்தோடு ஓடிப்போன அதன் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பனியில் அலைந்தாய். வெறுங்கையோடு வந்து சூப்பைத் தொடாமல் படுத்தாய். ஸ்கோப் கோணிப்போயிற்று என்று மட்டும் சொன்னாய். மறு மாதமே அலாஸ்கா வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். சம்பளத்துக்காகத்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சீட்டில் என் பிறந்த வருஷத்தைத் தப்பாக எழுதி எனக்கு மூன்று வயது கூட்டிக் கிழவியாக்கியிருக்கிறாய், அதற்கு உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். அதைத் திருத்தச் சொல்லி வேட்டைச் சீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, என் கணவருக்கு இந்த வருஷமும் விழவில்லையா என்று கேட்டேன். அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, "அவர் பேர்ல விண்ணப்பமே வரலயேம்மா. உங்க வீட்லருந்து ஒண்ணுதான் வந்துச்சு, உங்களோடது" என்றாள்.

பதினொரு வருஷம் எழுதிப் போட்டவன் இந்த வருஷம் போடவில்லை. இனிமேல் சுடுவதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டு, அதை என்னிடம் சொல்லத் தெரியாமல் என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறாய். அடப்பாவி, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் 338-ஐ ஆர்விலிடம் காட்டினேன். ஸ்கோப்பைச் சோதித்துப் பார்த்தார், ஒரு மயிரிழைகூடக் கோணல் இல்லை. அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டியையும் திறந்தார். ஆறு வருஷத்தில் இருபதில் பன்னிரண்டு மீதி. "இந்த ஜாதித் துப்பாக்கி எல்லாமே இப்படித்தான் வெர்னா எங்கிட்ட திரும்பி வரும், பெட்டி பாதிக்கு மேல நெறஞ்சு. நாலு குண்டு போடுவானுங்க, தோளு கழண்டுரும், அப்புறம் பழக மாட்டானுங்க. ஆனா வலிக்குதுன்னு ஒருத்தனும் வாயத் தொறந்து சொன்னதில்ல" என்றார். கிளாடிஸின் புருஷனும் அப்படித்தான் தன்னுடையதை விற்றாராம். முதுகுவலி என்று சொல்லி விற்றாராம்!

அது உதைக்கும் என்று பயந்துதான் நானும் கண்ணை மூடினேன், டேரல். குழலைக் கீழே இறக்கினேன். சரளைக் குழியில் மான் நின்றிருந்தால் நானும் அதை வயிற்றில்தான் சுட்டிருப்பேன். சின்னத் துப்பாக்கியில் நாலே நாளில் அந்தப் பயம் என்னை விட்டுப் போயிற்று. உன் கை கெட்டுப்போகவில்லை. அந்த எல்க்குக்காக நீ வருத்தப்படுவது நியாயம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருஷம் போதும். நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை.

நேற்று 270-ஐ வாங்கிவிட்டேன். ஆர்வில் அதை என் தோளில் வைத்து அளவு பார்த்தார். "அடிக்கட்டை உனக்கு ஒரு அங்குலம் நீளம். அறுத்துத் தர்றேன், பத்து நிமிஷ வேலை" என்று ரம்பத்தைக் கையில் எடுத்தேவிட்டார். வேண்டாம் என்றேன். "அறுக்காம உனக்கு வாட்டமா இருக்காதே?" என்றார். தடித்த கோட்டு போட்டால்தான் நீளம் இடிக்கும், மெல்லிய சட்டை போட்டுக்கொள்கிறேன், குளிர் தாங்குவேன் என்றேன். ரம்பத்தைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டார்.

அக்டோபர் முதல் வாரம் விடுப்புக் கேள். மூஸை நான் சுடுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். அதற்கு முன் ஒரு நாள் சரளைக் குழிக்குப் போவோம். தோட்டா போடுவது நான், விசையை அழுத்துவது நீ. சிரிக்க மாட்டேன். சரி, கொஞ்சம் சிரிப்பேன்.

வழியெல்லாம் கடவுள் துணையிருந்து உன்னை முழுசாக வீட்டில் கொண்டுவந்து விடட்டும். 270-இன் கட்டை உன் கைக்குச் சரியாக இருக்கும், உன் 338-ஓடு வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

உன்
வெர்னா