ஒரு சாண் குறைகிற இடம்

மடுல்சீமை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நிஷாந்தினிக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், அங்கே அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனதளவிலும் சுகம் என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்தும், அதனால் எழுதவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது, கடைசியில் சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். ஹம்ஸியா டீச்சரின் தம்பி அடுத்த வாரம் ஜெர்மனிக்கு வருகிறாராம், தேயிலைத்தூளும் இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் இதுவும் இருக்கும்.

நாங்கள் இன்னும் பள்ளிக்கூட ஹாலில்தான் இருக்கிறோம். மண்சரிவு பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் சொன்னேன், முழுதும் சொன்னால் நீ வேலையில் கவனம் வைக்கமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது. புது வீடு கட்டும்போது நீ அங்கே படித்துக்கொண்டிருந்தாய். நம் பழைய லயத்தில் வரிசையாகப் பதினோரு காம்பரா, பதினோரு குடும்பம் அல்லவா, இடம் பார்க்க வந்த இஞ்சினியர் பத்து வீட்டுக்குத்தான் காணி சரி, பதினோராவது வீடு மேட்டை ஒட்டிப் போய்விடும், மேட்டுக்கும் பின்சுவருக்கும் விடவேண்டிய தூரம் அந்த ஒரு இடத்தில் கிடைக்காது என்றார். சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் விடுபட்டது நம் பக்கத்துக் காம்பரா றீட்டா குடும்பம். உன் அப்பாதான் அப்போது தோட்டத் தலைவர், விடுவாரா? ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள், மாதா திருவிழாவுக்கு நாமும் தீபாவளிக்கு அவர்களும் என்று இருந்தவர்கள். “பதினோரு குடும்பமும் ஒண்ணாத்தான் பால் காய்ச்சணும், இல்லாட்டி யாருக்குமே வீடு வேணாம்” என்று எழுந்து சொன்னார், எல்லோரும் கை தட்டினோம். இஞ்சினியர் தலையைச் சொறிந்தார். பிறகு, நீங்களே எழுதிக் கேளுங்கள், அந்த இடத்தில் தூரத்தைக் குறைத்துப் படம் போடுகிறேன் என்றார். எல்லோர் சார்பிலும் அப்பா கையெழுத்துப் போட்டார். அதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மண்ணுக்கு நம் லயத்து ஒற்றுமையெல்லாம் தெரியுமா?

போன மாத மழையில் மேடு அந்த ஒரு இடத்தில்தான், றீட்டா வீட்டுக்குப் பின்னால்தான், இறங்கியது. றீட்டா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், பின்சுவர் இடிந்து அவள் இடுப்பில் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தாள். மற்றப் பத்து வீட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் மேட்டில் வெடிப்பு ஓடியிருக்கிறதென்று எல்லோரையும் எழுப்பி ஹாலுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. றீட்டாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் முழங்கால் வலி என்கிறார், பீலிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருக்க மட்டும் அந்த முழங்கால் வலிப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன், தப்பென்றால் மனதுக்குள் சிரித்துக்கொள். சூரியனில் எரிகிற மாதிரி ஒரு நெருப்பை வளையமாக ஓடவிட்டு அதிலிருந்து கரண்ட் எடுக்கிற மெசின் உங்களுடையது. அந்த நெருப்பை எந்தப் பாத்திரமும் தாங்காது, அதனால் சுற்றிலும் காந்தம் வைத்து எதிலும் படாமல் அந்தரத்தில் பிடித்து வைப்பீர்கள். அந்தக் காந்தங்கள் கைமுறுக்கு மாதிரி முறுக்கிக் கிடந்ததைப் படத்தில் காட்டினாய், எண்ணெய் காய்வதற்குள் யார் இதைச் சுற்றி வைத்தது என்று நான்கூடக் கேட்டேன். அவையோ ஐஸ்கட்டியே சூடு என்கிற அளவுக்குக் குளிரில் இருந்தால்தான் வேலை செய்யுமாம். நெருப்புக்கும் குளிருக்கும் நடுவில் ஒரு தடித்த சுவர். அதுதான் சூட்டை வாங்கித் தருகிறது, நெருப்புக்கு வேண்டிய எரிபொருளையும் உண்டாக்குகிறது, நெருப்பிலிருந்து தெறிக்கிற கண்ணுக்குத் தெரியாத துகள் காந்தத்தைக் கெடுக்காமல் மறிக்கிறது. மெசினைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் காந்தம் நெருப்பை நெருங்கி வருகிறது. சுற்றிலும் எல்லா இடத்திலும் சரி, உள்வளைவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சுவருக்கு ஒரு சாண் குறைகிறது. அதுதானே? அங்கே சுவரை மெலிதாக்கிவிடலாம், அந்தத் தடிப்பே போதும் என்று நீ கையெழுத்துப் போடு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று உன் மேலதிகாரி சொல்கிறார். சுவருக்கு இடம் விட மெசினைப் பெரிதாக்கினால், எங்களுடையது சின்ன மெசின் என்று கம்பனி ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சு போய்விடும். நீ போடாவிட்டால் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள், விசாவும் அதோடு போய்விடும். ஆட்கள் சாவார்களா என்று கேட்டேன். வெடிக்காதும்மா, சில வருசத்துல அந்த எடத்துக் காந்தம் கெட்டு மெசின் நின்னுபோகும், அவ்வளவுதான் என்றாய். போட்டுறலாம்னு இருக்கேன் என்று சொல்லிவிட்டு அழுதாய்.

அவ்வளவுதானே, போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றுதான் எனக்கு வாய்வரை வந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைக் காம்பராவில் என்னிடம் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் நிஷாந்தினி அக்கா மாதிரி வரணும் என்று சொல்லித்தான் கணக்குப் படிக்கிறார்கள். நீ பெட்டியோடு வந்து இந்த ஹால் வாசலில் நின்றால் அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை விடாப்பிடியாக அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ரோட்டு இன்னும் சரியாகவில்லை, பாதி வழியில் இறங்கி நடந்து வேறு பஸ் மாறினோம். றீட்டா மெலிந்து பாதியாகிவிட்டாள். உன் அப்பா கட்டில் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் முதலில் பேசினாள், “எனக்காகத்தானே கேட்டீங்கண்ணே, எனக்கு உங்கமேல கோவமில்ல” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அதைக் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார், வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் மறுபடி நடப்பாளா என்று டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், புள்ளைக்கு அங்க எவ்வளவு கொறையுதுன்னு சொன்ன என்று அவராகக் கேட்டார். ஒரு சாண் என்றேன். கையை விரித்து மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பசறை தாண்டியதும் சொன்னார். “கொறையுதுன்னா கொறையுதுன்னே எழுதச் சொல்லு பாக்கியம். நாங்களும் நல்லவங்கதான், அந்த இஞ்சினியரும் நல்லவருதான். யாராவது ஒருத்தர் முடியாதுன்னு சொல்லியிருந்தா றீட்டா இன்னைக்கு நடப்பா” என்றார்.

அதனால் மகளே, நாங்கள் இருவரும் சேர்ந்தே சொல்கிறோம், போடாதே. ஆள் சாகாவிட்டாலும் உனக்குத் தெரிந்த பொய் உன்னைத் தூங்கவிடாது, அதை இங்கே நான் தினமும் ஒரு மனிதரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சண்டை போடாமல் மரியாதையாகச் சொல், உன் வாய் எனக்குத் தெரியும். மெசினைக் கொஞ்சம் பெரிதாக்க அவர்கள் ஒத்துக்கொள்ளவும் கூடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகுமோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. வேலை போனால் யோசிக்காமல் வா. ஹாலில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாய் விரிக்கத்தான் இடம், ஆனால் நேற்றிலிருந்து உன் அப்பா மூன்றாவது பாய் ஒன்றை விரித்து, அந்த இடத்தை யாரும் எடுத்துவிடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

முத்துமாரி உனக்குத் துணை நிற்பாள், நீ நினைத்தது நடக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ராத்திரியில் வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, மிளகாய்த்தூளை ஈரக் கரண்டியால் எடுக்காதே. றீட்டாவுக்குப் போனில் இரண்டு வார்த்தை பேசி அனுப்பு, சந்தோசப்படுவாள்.

இப்படிக்கு உன் அம்மா,
பாக்கியலெட்சுமி.

அப்பாவையும் கீழே கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். தலைவராகப் போட்ட அந்தக் கையெழுத்தால் றீட்டாவுக்கு இப்படி ஆன பிறகு எதிலும் போடமாட்டேன் என்று இருந்தவர், இதை முழுதாக இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதுக்குப் போடலாம் என்று வாங்கிக்கொண்டார்.

கந்தப்பன்