காலனித் தெருவில் அம்மன் சப்பரம்

சித்திரை, செவ்வாய் இரவு.

இன்று மாரியம்மன் சப்பரம் வைத்த டிராக்டரை நான்தான் ஓட்டினேன். காலனித் தெரு முனைக்கு வந்ததும் எப்போதும் திரும்பிவிடுவோம். தெரு குறுகலாம், கமிட்டியில் அப்படித்தான் சொல்வார்கள். அதே தெரு வழியாகத்தான் திராட்சைத் தோட்டத்துக்கு எரு ஏற்றிப் போகிறேன்.

முனையில் காலனிச் செல்வி தேங்காய்த் தட்டோடு நின்றாள். பள்ளியில் என்னோடு படித்தவள். “ஆத்தா, எங்க தெருவுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்றாள். அம்மனிடம்தான் கேட்டாள், என்னிடம் இல்லை.

ஸ்டீயரிங்கை உள்ளே ஒடித்தேன்.

கமிட்டித் தலைவரான என் பெரியப்பா, “ஏலே, எங்கன போற? நிப்பாட்டு!” என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. சப்பரத்தில் இருந்த பூசாரி இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்கு வீடு தட்டு வாங்கித் தேங்காய் உடைத்துத் திருநீறு கொடுத்தார். ஏன் இறங்கவில்லை என்று பிறகு கேட்டேன். “ஆத்தா உக்காந்திருக்கையில நான் எறங்க முடியுமாப்பா?” என்றார்.

நாளை காலையில் கோயிலில் கமிட்டிக் கூட்டம். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம், பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“பெரியப்பா சொல்றாகல்ல, கேளுடா” என்கிறாள் அம்மா. வைகாசியில் தங்கச்சி கல்யாணம். சொந்தக்காரர்கள் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

எனக்கும்தான். ஆனால் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. நாளை அதைத்தான் சொல்வேன்.